அக்காவுக்கு மனசு, எனக்கு வயிறு

எங்கள் வீட்டில் இரண்டு பெண்கள். அக்காவுக்கு மனசு சரியில்லை, எனக்கு வயிறு சரியில்லை. சொந்தக்காரர்கள் எங்களை இப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். எனக்கு வலி வந்தால் அம்மா ஓமத் தண்ணீர் வைப்பார், கஞ்சி வரும், சித்தி போன் செய்து "பாவம், புள்ளைக்கு ஒண்ணுமே ஒத்துக்க மாட்டேங்குது" என்பார். அக்கா நெஞ்சு படபடத்து, ராத்திரி முழுக்கத் தூங்காமல் உட்கார்ந்திருந்தால் அதே சித்தி, "எதையாவது போட்டு யோசிச்சுக்கிட்டே இருந்தா இப்படித்தான்" என்பார். என்னை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனார்கள். அவளை மந்திரிக்கக் கூட்டிப்போனார்கள்.

பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது, இந்த இரண்டு தொல்லைகளுக்கும் பிறப்பிலேயே ஒரு பொது வேர் இருக்கலாம் என்று. அதை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வயிற்றுக்காரர்கள், மனசுக்காரர்கள், அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன்.

எனக்கு இருப்பது ஐபிஎஸ், அதாவது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். தமிழில் குடல் எரிச்சல் நோய் என்று எழுதுகிறார்கள், மருத்துவமனையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இதை அடையாளம் காண மருத்துவர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ரோம் வரையறை 2016-இல் வந்தது. அதன்படி, கடைசி மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்று வலி இருக்க வேண்டும். மலம் கழிக்கும்போது வலி கூடுவதோ குறைவதோ, போகும் தடவைகள் மாறுவது, மலம் இறுகுவதோ இளகுவதோ ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு அந்த வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். தொல்லை ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு லூஸ் மோஷன், என்னைப் போன்ற சிலருக்கு இரண்டும் மாறி மாறி.

பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி எடுத்தால் புண் இருக்காது, கட்டி இருக்காது. ரத்தப் பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அங்கேதான் பிரச்சினை ஆரம்பிக்கிறது. நான் பார்த்த ஒரு மருத்துவர் ஃபைலை மூடிக்கொண்டே, "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் ஆகாதீங்க, சரியாயிடும்" என்றார். வெளியே வந்ததும் அம்மாவும் அதையே சொன்னார். ஒன்றும் இல்லாத ஒன்றுக்காக நான் தினமும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

ஒன்றும் இல்லாமல் இல்லை. 1973-லேயே இங்கிலாந்தில் ஓர் ஆய்வு நடந்தது. பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சின்ன பலூனை வைத்து, காற்றை ஏற்றிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்கு வலிக்காத அளவிலேயே ஐபிஎஸ் உள்ள பலருக்கு வலித்தது. குடலின் சுவர் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அங்கிருந்து மூளைக்குப் போகும் செய்திதான், ஆடி மாதத்துக் கூழ் வார்ப்பில் தெருமுனை ஒலிபெருக்கி ஒரு சாதாரணக் குரலைப் பெரிதாக்குவதுபோலப் பெரிதாகிப் போய்ச் சேர்கிறது. குடலின் சுவருக்குள் மட்டும் பத்து கோடிக்கும் மேல் நரம்புச் செல்கள் இருக்கின்றன. மனநிலையோடு சேர்த்து நாம் கேள்விப்படும் செரடோனின் என்ற வேதிப்பொருள் உடம்பில் இருப்பதில் சுமார் 90 சதவீதம் குடலில்தான். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பில் ஓடும் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டுபோகிறவை.

இதெல்லாம் படிக்கச் சுவாரஸ்யமாக இருக்கும். தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரைக்கும் காலை ஒன்பது மணி மின்சார ரயிலில் போகிறவளுக்கு இது வேறு மாதிரி. அந்த ரயிலில் டாய்லெட் கிடையாது. பல்லாவரம் தாண்டியதும் வயிற்றுக்குள் ஒரு புரட்டல் வந்தால், மனசு உடனே கணக்குப் போடத் தொடங்கிவிடும். பரங்கிமலையில் இறங்கினால் மெட்ரோ ஸ்டேஷன் ஒட்டியே இருக்கிறது, அங்கே கழிப்பறை சுத்தமாக இருக்கும். கிண்டியிலும் மெட்ரோ உண்டு. அதை விட்டால் சைதாப்பேட்டை, மாம்பலம் என்று கூட்டம்தான் ஏறும். கணக்குப் போடப் போட நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை வியர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ள வயிறு இன்னும் இறுகும். வயிறு முதலில் ஆரம்பித்ததா, பயம் முதலில் ஆரம்பித்ததா என்று அந்த நேரத்தில் யாராலும் பிரிக்க முடியாது. இந்த ஊரில் தி.நகர் கடைகளில் எந்த மாடியில் டாய்லெட் இருக்கிறது, எந்த ஹோட்டலில் சாப்பிடாமலே உள்ளே விடுவார்கள் என்று மனப்பாடமாக வைத்திருக்கும் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

இதில் முதலில் வருவது எது என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பொதுமக்களைப் பன்னிரண்டு வருட இடைவெளியில் இரண்டு முறை விசாரித்த ஓர் ஆய்வு 2012-இல் வந்தது. ஆரம்பத்தில் பதற்றம் இருந்தவர்களுக்குப் பின்னால் வயிற்றுத் தொல்லை வருவது அதிகமாக இருந்தது. ஆரம்பத்தில் மனசு நன்றாக இருந்து வயிறு மட்டும் சரியில்லாதவர்களுக்கு, பன்னிரண்டு வருடம் கழித்துப் பதற்றமும் மனச்சோர்வும் அதிகமாக இருந்தன. பாதை இரண்டு பக்கமும் போகிறது. "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்பவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

அப்புறம் 2021 நவம்பரில் வந்தது அந்தப் பெரிய மரபணு ஆய்வு. ஐபிஎஸ் உள்ள 53,400 பேரின் டிஎன்ஏவை, இல்லாத 4,33,201 பேரின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டார்கள். பெரும்பாலும் பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற ஆய்வுத் திட்டத்தில் பங்கேற்றவர்கள். கிடைத்த முடிவை வேறொரு தொகுப்பிலிருந்த இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபிஎஸ்காரர்களிடம் மறுபடி சரிபார்த்தார்கள். ஐபிஎஸ்ஸோடு தொடர்புடைய ஆறு இடங்கள் மரபணுத் தொகுதியில் உறுதியாயின.

குடல் நோய்க்கான மரபணு என்றால் செரிமானம், அமிலம், குடல் சுவர் என்று ஏதாவது வரும் என்றுதான் நாம் நினைப்போம். வந்ததோ வேறு. என்சிஏஎம்1, சிஏடிஎம்2, டாக்9 போன்ற பெயர்கள். இவற்றில் முதல் இரண்டும் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று தொடர்பு கொள்ள உதவும் புரதங்களுக்கானவை. ஆறில் நான்கு இடங்கள் மனநிலைக் கோளாறுகளோடும் பதற்றத்தோடும் ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டவை, அல்லது நரம்பு மண்டலத்தில் வேலை செய்பவை, அல்லது இரண்டும். ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோதும் ஐபிஎஸ் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு வேறுபாடுகளும், பதற்றம், மனச்சோர்வு இவற்றுக்கான வாய்ப்பைக் கூட்டும் வேறுபாடுகளும் பெரிய அளவில் ஒத்துப்போயின. தூக்கமின்மையோடும் ஒற்றுமை இருந்தது.

நான் அந்தப் பத்தியைப் படித்தபோது அக்காவைத்தான் நினைத்தேன். ஒரே அம்மா, ஒரே அப்பா. அவளுக்கு ராத்திரித் தூக்கம் போனது, எனக்குக் காலை வயிறு போனது. எங்கள் இரண்டு பேரின் டிஎன்ஏவை யாரும் பார்க்கவில்லை, அதனால் எங்கள் விஷயத்தில் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளுக்கு வந்ததைக் குணக்கேடு என்றும் எனக்கு வந்ததை நோய் என்றும் பிரித்த சொந்தக்காரர்களுக்கு விஞ்ஞானத்தில் இடமே இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். எனக்குக் கிடைத்த கஞ்சியும் கரிசனமும் அவளுக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

இந்த ஆய்வை இரண்டு விதமாகத் தப்பாகப் படிக்கலாம். ஒன்று, "பாத்தியா, எல்லாம் மனசுலதான் இருக்கு." ஆய்வாளர்கள் மேலும் அலசிப் பார்த்துச் சொன்னது இதற்கு நேர் எதிர். பதற்றம்தான் வயிற்று வலியை உண்டாக்குகிறது என்பதைவிட, இரண்டுக்கும் அடியில் ஒரே உயிரியல் பாதைகள் இருக்கின்றன என்பதற்கே சான்று அதிகம். இன்னொன்று, "ரத்தத்துல வந்தது, ஒண்ணும் பண்ண முடியாது." பொதுவாகக் காணப்படும் மரபணு வேறுபாடுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஒருவருக்கு ஐபிஎஸ் வருவதற்கும் இன்னொருவருக்கு வராததற்கும் உள்ள வித்தியாசத்தில் அவை விளக்குவது சுமார் 6 சதவீதம்தான். மிச்சம் சாப்பாடு, கிருமி, வளர்ந்த வீடு, வாழ்ந்த ஊர் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஐபிஎஸ்ஸும் பதற்றமும் சேர்ந்து இருப்பவர்களில், சின்ன வயதில் அடிக்கடி ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் அதிகம் என்றும் அதே ஆய்வில் தெரிந்தது. சளி பிடித்தாலே மருந்துக் கடையில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கும் நம்மூர் வழக்கத்தை இதோடு சேர்த்து யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

அதனால் ஆயிரக்கணக்கில் பணம் கட்டி எச்சில் அனுப்பி "உங்கள் குடலின் மரபணு ரகசியம்" தெரிந்துகொள்ள வேண்டாம். ஐபிஎஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லும் மரபணுப் பரிசோதனை எதுவும் இன்று இல்லை. ஒற்றை மரபணுவில் வரும் பிழை காரணமாக இருப்பது மிகச் சிலருக்குத்தான். எஸ்சிஎன்5ஏ என்ற மரபணுவை உதாரணமாகச் சொல்வார்கள். இதயத் துடிப்புக் கோளாறுகளில் பேர் போன மரபணு அது. அதில் பிழை இருப்பது ஐபிஎஸ்காரர்களில் சுமார் 2 சதவீதம் பேருக்கு என்று அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் கண்டார்கள். அது முக்கியமான கண்டுபிடிப்புதான், ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களின் கதை அது இல்லை.

வளர்ந்த வீடு என்று சொன்னேன். அதைப் பற்றி 2001-இல் இரட்டையர்களை வைத்து வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று இருக்கிறது. ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு ஐபிஎஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 17 சதவீதம். தனித்தனிக் கருவில் பிறந்த இரட்டையரில் சுமார் 8. பரம்பரை இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் தனிக்கரு இரட்டையரில், அம்மாவுக்கு ஐபிஎஸ் இருந்தால் பிள்ளைக்கு இருந்தது சுமார் 15 சதவீதம், கூடப்பிறந்த இரட்டைக்கு இருந்தால் சுமார் 7 சதவீதம்தான். அம்மாவோடும் கூடப்பிறந்த இரட்டையோடும் மரபணுப் பங்கு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் வந்தது வீட்டில் பார்த்துக் கற்றதிலிருந்து என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

எங்கள் அம்மா எங்கே கிளம்பினாலும் முந்தின ராத்திரியே சாப்பாட்டைக் குறைத்துக்கொள்வார். காஞ்சிபுரத்துக்குக் கல்யாணத்துக்குப் போவதாக இருந்தாலும் சரி, பக்கத்துத் தெருக் கோவிலாக இருந்தாலும் சரி, கதவைப் பூட்டும் முன் "எல்லாரும் பாத்ரூம் போயிட்டு வந்துடுங்க" என்று இரண்டு தடவை சொல்வார். பந்தியில் உட்கார்ந்தால் பாயசத்தைத் தொடமாட்டார். அம்மாவின் அம்மாவும் அப்படித்தான் இருந்தாராம். வயிறு எப்போது வேண்டுமானாலும் நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் கற்றுக்கொண்டோம். அம்மாவைக் குறை சொல்லவில்லை. டாய்லெட் கிடைக்காத ஊரில் பெண்ணாக அறுபது வருடம் நடமாடியவர் அவர்.

இப்போது அக்கா மகளுக்கு. ஏழாவது படிக்கிறாள். திங்கட்கிழமை காலையில் வயிறு வலிக்கிறது என்பாள், உண்மையாகவே வலிக்கும். காரணம் தெரியாத வயிற்று வலி உள்ள இருநூறு பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் வைத்து 2010-இல் ஒரு சோதனை வந்தது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து மூன்றே அமர்வுகள். வலியைப் பற்றித் திரும்பத் திரும்ப விசாரிப்பது, உடனே லீவு போட வைப்பது போன்றவற்றைக் குறைத்து, மூச்சையும் உடம்பையும் தளர்த்திக்கொள்ளப் பழக்கி, பிள்ளை தன் வேலையைத் தொடர உதவுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளைகளின் வலி குறைந்தது. அக்காவும் மாமாவும் இப்போது அதைத்தான் முயற்சி செய்கிறார்கள். வலியை நம்புகிறார்கள், ஆனால் வீட்டையே அதைச் சுற்றி நிறுத்துவதில்லை. பாட்டிக்கு இது கொஞ்சம் கல் நெஞ்சாகத் தெரிகிறது. பரவாயில்லை.

எனக்கு இது தீவிரமானது 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு. முடிச்சூர்ப் பக்கம் வீடு. அடையாறு பெருகி, சாக்கடையும் ஏரித் தண்ணீரும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு காய்ச்சல், வாந்தி, பேதி. அது நின்றது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. கிருமித் தொற்றுக்குப் பின் வரும் ஐபிஎஸ் என்று இதற்குத் தனி வகையே இருக்கிறது. கனடாவில் வாக்கர்டன் என்ற சின்ன ஊரில் 2000 மே மாதம் கனமழை மாட்டுச் சாணத்தை அடித்துக்கொண்டுபோய்க் குடிநீர்க் கிணற்றில் சேர்த்தது. 2,300-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஊர்க்காரர்களை எட்டு வருடம் வரை தொடர்ந்து கவனித்தார்கள். எட்டாவது வருடத்திலும் அப்போது நோயுற்றவர்களிடம் ஐபிஎஸ் அதிகமாக இருந்தது. யாருக்கு அதிகம் வந்தது? பெண்களுக்கு, இளம் வயதினருக்கு, பேதி நாள்கணக்கில் நீண்டவர்களுக்கு, முன்பே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு. கிருமிகளை அடையாளம் காணும் சில மரபணுக்களின் வேறுபாடும் காரணம் என்று 2010-இல் அதே ஊரிலிருந்து ஓர் ஆய்வு சொன்னது. மரபணு, மனசு, கெட்ட தண்ணீர் மூன்றும் ஒரே ஊரில் ஒரே நோயில் வந்து நிற்கின்றன. ஒவ்வொரு மழைக்கும் மூழ்கும் நம் புறநகர்களில் இப்படி யாராவது தொடர்ந்து கணக்கெடுக்க வேண்டும் என்பது என் ஆசை. 2021 ஆய்விலும் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர்தான்.

சரி, மருந்துக்கு வருகிறேன். முதலில் ஒரு எச்சரிக்கை. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக ஆரம்பிப்பது, குடும்பத்தில் குடல் புற்றுநோய், இவற்றில் ஏதாவது இருந்தால் ஐபிஎஸ் என்று நீங்களே முடிவு செய்யாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

சாப்பாட்டில், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஃபாட்மேப் குறைந்த உணவுமுறை பலருக்கு உதவுகிறது. குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் நொதித்து வாயுவை உண்டாக்கும் சில சர்க்கரைகளைச் சில வாரம் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. நம் சமையலில் அடிபடுவது வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு. வெங்காயமில்லாத சாம்பாரை ஒரு தமிழ் வீட்டில் எப்படிக் கேட்பது என்று தயங்குவோம். பெருங்காயம் கைகொடுக்கும், ஆனால் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். பூண்டை எண்ணெயில் வதக்கி, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு எண்ணெயை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தொல்லை தரும் சர்க்கரை எண்ணெயில் கரையாது, வாசனை கரையும். அரிசி பெரும்பாலும் பிரச்சினை இல்லை, இடியாப்பம் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. ஒரு உணவு ஆலோசகர் கூட இருந்தால் நல்லது. வருடக்கணக்கில் நீங்களாகவே ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால் சத்தும் குறையும், சாப்பாட்டின் மேல் பயமும் வளரும்.

எனக்கு எழுதித் தந்த ஒரு மாத்திரையின் பெயரை அம்மா போனில் தேடிப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஏம்மா, இது டிப்ரஷன் மாத்திரையாமே! உனக்கு வயிறுதானே?" அமிட்ரிப்டிலின். மனச்சோர்வுக்கு அதிக அளவில் கொடுப்பது உண்மை. வயிற்றுக்குக் கொடுப்பது பத்து மில்லிகிராம் மாதிரிச் சின்ன அளவு. இங்கிலாந்தில் 463 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வந்தது. ஆறு மாதத்தில், மருந்தே இல்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றுத் தொல்லை நன்றாகக் குறைந்திருந்தது. பதற்ற, மனச்சோர்வு மதிப்பெண்களில் மாற்றம் இல்லை. அதாவது மனசைச் சரிசெய்து அதன் வழியாக வயிற்றைச் சரிசெய்யவில்லை, வலியைக் கடத்தும் நரம்புப் பாதையிலேயே அது வேலை செய்திருக்க வேண்டும். வாய் உலர்வது, தூக்கக் கலக்கம் எல்லாம் வரும், எல்லோருக்கும் ஆகாது, மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். அதை விளக்கிச் சொன்ன பிறகு அம்மாவே ராத்திரி மாத்திரையை ஞாபகப்படுத்த ஆரம்பித்தார்.

மாத்திரை இல்லாத வழிகளும் உண்டு. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் சிபிடி சிகிச்சைக்கு ஐபிஎஸ்ஸில் நல்ல சான்று இருக்கிறது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் என்ற மருத்துவர் 1984-லேயே வயிற்றை மையமாக வைத்த ஹிப்னோதெரபி பலன் தருவதைக் காட்டினார். சென்னையில் இதைக் கேட்கப்போனால் முதலில் தடுப்பது கூச்சம். சைக்கியாட்ரிஸ்ட் என்றாலே 'கீழ்ப்பாக்கம்' என்று கிண்டல் பண்ணும் ஊர் இது. 1794-இல் தொடங்கி இன்றுவரை ஏழை எளியவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையின் இருப்பிடத்தை வசைச்சொல்லாக வைத்திருக்கிறோம். அக்கா அங்கே போக எத்தனை நாள் தயங்கினாள் என்று எனக்குத் தெரியும். நேரில் போகத் தயங்குபவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. இலவசம், தமிழில் பேசலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். வயிற்று வலி என்று வருபவரிடம் குடல் மருத்துவர், தூக்கம் எப்படி, பயம் இருக்கிறதா, எதிலாவது ஆர்வம் போய்விட்டதா என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வயிற்று வலியை நம்பாததால் கேட்கும் கேள்வியாக அது இருக்கக் கூடாது, நம்புவதால் கேட்கும் கேள்வியாக இருக்க வேண்டும். பதற்றத்தை அளக்க ஏழே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உலகம் முழுக்கப் பயன்பாட்டில் இருக்கிறது, நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதேபோல மனநல மருத்துவரும், மோஷன் எப்படிப் போகிறது, சாப்பிட்டால் வயிறு உப்புகிறதா என்று கேட்க வேண்டும். அக்காவுக்கும் பல வருடமாக வயிற்றுத் தொல்லை இருந்திருக்கிறது. வீட்டில் அந்த இடம் எனக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால் அவள் சொல்லவே இல்லை. ஒரு மருத்துவர் கேட்ட பிறகுதான் சொன்னாள். இன்றும் அவரிடம்தான் போகிறாள்.